இம்பிளாண்டுக்குப் பதினைந்து நிமிட ஒளி

பல் போன இடத்தில் தாடை எலும்புக்குள் இறக்கும் டைட்டானியத் திருகுதான் இம்பிளாண்ட். அதைப் பொருத்தப் பழக வரும் இளைய மருத்துவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ஒரு சொட்டுச் சலைன். காலாவதியான இம்பிளாண்ட் ஒன்றின் மீது அதை விடுவேன். தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும். அதே இம்பிளாண்டைப் புற ஊதாக் கதிர்ப் பெட்டியில் 15 நிமிடம் வைத்து எடுத்து மறுபடி சொட்டுவிட்டால், நீர் மரைகளுக்குள் ஓடிப் படர்ந்துவிடும். இதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குப் பாதி விளக்கம் தேவையில்லை.

மீதிப் பாதி இது. டைட்டானியத்தின் மேல் காற்றிலுள்ள ஹைட்ரோகார்பன்கள் நாளுக்கு நாள் படிகின்றன. அலமாரியில் காத்திருக்கும் இம்பிளாண்ட் அப்படித்தான் மூப்படைகிறது. அந்தப் படலம் நீரை விலக்குகிறது, எலும்பு செல்கள் ஒட்டுவதையும் குறைக்கிறது. கதிர் அதைச் சிதைத்து நீக்குகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் தகாஹிரோ ஒகாவாவின் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், எலும்பு தொட்டிருந்த பரப்பு நான்காம் வாரத்தில் கதிர் படாதவற்றில் 55 சதவீதமாகவும் கதிர் பட்டவற்றில் 98.2 சதவீதமாகவும் இருந்தது. அது எலியின் தொடை எலும்பு. மனிதத் தாடையில் அதே எண்ணை எதிர்பார்த்து நோயாளிக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

கருவிகளை அடுக்கி வைக்கும் புற ஊதா அலமாரி இதற்கு உதவாது. தொடக்க காலச் சோதனைகளில் கிருமிநாசினி விளக்கின் கீழ் 48 மணி நேரம் வைத்தார்கள். இம்பிளாண்டுக்கென்றே செய்த பெட்டிதான் அந்த நேரத்தை நிமிடங்களாகச் சுருக்கியது. இம்பிளாண்ட் அடைத்து வரும் குப்பியோடு வைப்பதும் வீண். சாதாரணக் கண்ணாடி யுவி-சி என்ற குறுகிய அலைப் புற ஊதாக் கதிரை உள்ளே விடாது. சலைனில் ஊறிய நிலையில் வரும் வகைகள் ஏற்கெனவே நீரை ஈர்ப்பவை. அவற்றை உலர்த்திக் கெடுக்க வேண்டாம். குப்பியைப் பிரித்துக் கதிரில் வைப்பதைத் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது வைப்பது என்பதில்தான் நான் தவறினேன். பழகிய புதிதில், நோயாளி நாற்காலியில் அமர்ந்ததுமே பெட்டியை ஓடவிட்டேன். ஈற்றைத் திறந்தால் எலும்பு எதிர்பார்த்ததைவிடக் குறுகலாக இருந்தது. அகலப்படுத்தி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை இம்பிளாண்ட் வெளியிலேயே காத்திருந்தது. கதிர் தந்த பலன் நேரம் போகப் போகக் குறையும். இப்போது எலும்பைக் கண்ணால் பார்த்து, எந்த அளவு என்று முடிவான பிறகே உதவியாளரிடம் "ஆரம்பிங்க அம்மா" என்பேன். நான் துளையிட்டு முடிக்கும் நேரமும் பெட்டி நிற்கும் நேரமும் ஒன்றாக வரும்.

நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தெடுத்த பிடியில் மட்டுமே இம்பிளாண்ட் நிற்க வேண்டும். ஓடும்போது மூடியைத் திறக்கக் கூடாது. யுவி-சி கண்ணின் கருவிழியைப் புண்ணாக்கும். எடுத்த பின் கையுறை விரலும் பஞ்சும் மரையில் படக் கூடாது. நேரே துளைக்குக் கொண்டு போங்கள். எச்சிலுக்கு முன் இரத்தம் அதைத் தொட வேண்டும். துளையின் வாயருகே கொண்டு போனதும் இரத்தம் மரை மரையாகத் தானே மேலேறும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனம் நிறையும் காட்சி அது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "டாக்டரம்மா, அந்த வெளிச்சம் பட்டால் சிகரெட்டை விட வேண்டியதில்லையா?" என்று கேட்டார். "விட்டே ஆக வேண்டும் ஐயா" என்றேன். சர்க்கரைக்கும் புகைக்கும், சூடேறும்படி துளையிட்ட எலும்புக்கும் இந்த ஒளியில் மருந்து இல்லை.

பொருத்தியவுடன், இம்பிளாண்ட் எலும்பில் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று காட்டும் ஐ.எஸ்.க்யூ. அளவை எடுத்து அட்டையில் எழுதுங்கள். 1 முதல் 100 வரையான அந்த அளவில் 70-க்கு மேல் இருந்தால் உறுதி நன்று, 60-க்குக் கீழே கவலை. பொதுவாக மூன்று, நான்காம் வாரங்களில் பழைய எலும்பின் பிடி தளர்ந்து எண் சற்று இறங்கும். எட்டாம் வாரத்தில் மறுபடி எடுங்கள். அப்போதும் ஏறாமல் இருந்தால், கதிரில் வைத்ததுதானே என்று துணிந்து கிரவுனை, அதாவது மேலே வைக்கும் செயற்கைப் பல்லை, மாட்டாதீர்கள். நான்கு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள்.