ஜாஸ் மூவரோடு டேப் நடனம்: பலகை முதல் கடைசி 4 பார் வரை

அடியில் உலோகத் தகடு வைத்த டேப் ஷூவைக் கட்டிக்கொண்டதும் அந்தக் குழுவில் நீங்கள் இரண்டாவது டிரம்மர். பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ் என மூவர் வாசிக்கும் மேடையில், எப்போது தட்டக் கூடாது என்று தெரிந்திருப்பதே பாதி வேலை.

முதலில் பலகை. 8க்கு 4 அடி பிளைவுட் ஷீட் இரண்டு, 18 மி.மீ. கனம், ஒருவருக்குப் போதும். சிமெண்ட் தரையில் நேரடியாகப் போட்டால் ஒலி செத்துவிடும், கணுக்காலும் முன்னங்காலும் வலிக்கும். அடியில் ரப்பர் மேட் விரியுங்கள். இரண்டு ஷீட்டும் சேரும் கோட்டில் டேப் ஒட்டுங்கள் (இது ஒட்டுகிற டேப்!). ஷூத் தகடுகளின் திருகுகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். தளர்ந்திருந்தால் தட்டு தெளிவாக விழாமல் கலகலக்கும். திருகின் தலை நீட்டியிருந்தால் பலகையைக் கீறும், காலும் வழுக்கும்.

பவுண்டரி மைக் (தரையில் தட்டையாக வைக்கும் மைக்) இரண்டைப் பலகைக்கு முன்னால், மேடைத் தரையில் ஃபோம் துண்டின் மேல் வையுங்கள். பலகை மேலேயே வைத்தால் ஒவ்வொரு குதிகாலுக்கும் ‘தொம்’ என்ற அதிர்வுதான் வரும். டிரம்மரைக் குச்சிக்குப் பதில் பிரஷ் எடுக்கச் சொல்லுங்கள். சிம்பலும் ஷூத் தகடும் ஒரே உச்ச ஸ்தாயியில் மோதுவதால், சத்தத்தில் தோற்பது எப்போதும் கால்தான்.

பாட்டு 32 பார் (ஒரு பார் என்பது நான்கு தாள அடி), ஏஏபிஏ அமைப்பில் இருக்கட்டும்: எட்டு பார் ‘ஏ’ பகுதி இருமுறை, வேறான ‘பி’ பகுதி ஒருமுறை, மறுபடி ‘ஏ’. நிமிடத்துக்கு 160 தாள அடி வேகத்தில் ஒரு சுற்று 48 நொடி. ஆறு சுற்றுப் போட்டால் ஐந்து நிமிடத்துக்குள் முடியும்: மெட்டு ஒன்று, பேஸ் மட்டும் கூட வாசிக்க உங்கள் தனி இரண்டு, ஸ்டாப் டைம் ஒன்று, டிரம்மரோடு மாறி மாறி ஒன்று, மறுபடி மெட்டு. முதல் மெட்டில் காலை அடக்குங்கள். தனியில் குதிகாலையும் விரலையும் பிரித்துக் கேட்கவிடுங்கள். 1920களில் அமெரிக்க டேப் கலைஞர் ஜான் பபிள்ஸ் குதிகாலைக் கீழே இறக்கித் தட்டியதில்தான் இந்த ரிதம் டேப் பாணி வளர்ந்தது.

ஸ்டாப் டைமில்தான் பலர் கவிழ்கிறார்கள். குழு ஒவ்வொரு பாரின் முதல் அடியில் மட்டும் ஒரு வெட்டு வெட்டிவிட்டு ஓயும். கீழே தாளம் இல்லாததால் கால் தானாக ஓடத் தொடங்கும், அடுத்த வெட்டுக்கு முன்பே நீங்கள் போய் நிற்பீர்கள். மனசுக்குள் அடி எண்ணாதீர்கள், மெட்டைப் பாடுங்கள். பாட்டு ஓடினால் ‘பி’ பகுதி வரும் இடமும் தவறாது.

நாலு பார் மாற்றிக்கொள்வது, தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் பேசிக்கொள்வது மாதிரி. நீங்கள் நாலு, டிரம்மர் நாலு. 32 பாரில் ஆளுக்கு நாலு முறை. உங்கள் சொல்லை நாலாவது பாரோடு அடைக்காமல், ஐந்தாவது பாரின் முதல் அடியில் இறக்குங்கள். டிரம்மருக்கு எடுப்பு கிடைக்கும். மும்மூன்றாகத் தட்டும் கோர்வையைக் கணக்குப் பார்க்காமல் எடுத்தால் அது அவர் இடத்துக்குள் வழியும். அவர் வாசித்ததிலிருந்து ஒரு துணுக்கையாவது எடுத்துத் திருப்பித் தட்டுங்கள். வீட்டில் மனப்பாடம் செய்ததை அங்கே கொட்டினால் உடனே தெரிந்துவிடும்.

மெட்டுக்குத் திரும்ப, கையால் உங்கள் தலையைத் தொட்டுக் காட்டுங்கள். ஜாஸில் மெட்டுக்கு ‘ஹெட்’ (தலை) என்று பெயர், அதனால் கலைஞர்களுக்குப் புரியும். முடிவில் கடைசி 4 பாரை மூன்று முறை போட முன்பே பேசிவையுங்கள். கடைசி அடி விழுந்ததும் பாதம் அசையக் கூடாது, மைக் இன்னும் திறந்தே இருக்கிறது.