மோடலுக்கும் வினைக்கும் நடுவே எது வரலாம், எது வரக்கூடாது?

ஆங்கிலத்தில் கேன், வில், ஷுட், மஸ்ட் போன்ற மோடல் வினைகளை (முக்கிய வினைக்கு முன்னால் வரும் துணைவினைகள்) அடுத்து ஆல்வேஸ், நெவர், ப்ராபப்ளி, ஆல்சோ, ஸ்டில் போன்ற அட்வெர்புகள் (வினையடைகள்) வரும். அதற்குப் பிறகே முக்கிய வினை. "யூ ஷுட் ஆல்வேஸ் செக் த பில்." இதில் நாம் அதிகம் தவறுவதில்லை. தமிழில் எல்லாவற்றையும் வினைக்கு முன்னால் சொல்லியே பழகியவர்கள்தானே! வம்பு எங்கே என்றால், அதே பழக்கத்தில் கிடைத்ததையெல்லாம் அந்த இடத்தில் திணிப்பதில்.

"ஐ வில் டுமாரோ கம்", "யூ மஸ்ட் வெல் ஸ்டடி", "ஹீ கேன் ஃபாஸ்ட் ரன்" மூன்றும் தவறு. டுமாரோ போன்ற காலச் சொற்கள், ஹியர், தேர் போன்ற இடச் சொற்கள், வெல், ஃபாஸ்ட், ஹார்ட் போன்ற விதச் சொற்கள் பொதுவாக வினைக்குப் பின்னால் போகும்: "யூ மஸ்ட் ஸ்டடி வெல்." 'லி' சேர்த்தால் சரியாகிவிடும் என்று நினைத்து "ஹீ கேன் ஹார்ட்லி வொர்க்" என்று எழுதிவிடாதீர்கள். கடுமையாக உழைப்பவரைப் பற்றி, அவரால் வேலை செய்யவே முடிவதில்லை என்று சொன்னதாகிவிடும். கேர்ஃபுல்லி மாதிரியான சொற்கள் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். பேச்சுக்குக் கடைசிதான் இயல்பு.

பின்னால் போட வேண்டும் என்றதும், வினையை ஒட்டியே போட்டுவிடுகிறவர்களும் உண்டு: "ஐ கேன் ஸ்பீக் ஃப்ளூயன்ட்லி இங்கிலீஷ்." வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே புகக்கூடாது. "ஐ கேன் ஸ்பீக் இங்கிலீஷ் ஃப்ளூயன்ட்லி."

எதிர்மறை வாக்கியத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "ஹீ வில் ப்ராபப்ளி கம்" சரி. ஆனால் வில் என்பது எதிர்மறையில் வோன்ட் ஆனதும் ப்ராபப்ளி முன்னால் தாவிவிடும்: "ஹீ ப்ராபப்ளி வோன்ட் கம்." டெஃபனிட்லி, ஸ்டில் இரண்டும் அப்படியே: "ஐ ஸ்டில் கான்ட் ஓப்பன் த ஃபைல்." ஆல்வேஸ் மட்டும் இடம் மாறாது: "யூ கான்ட் ஆல்வேஸ் வின்." நெவர் தானே எதிர்மறை என்பதால் "கான்ட் நெவர்" கூடாது.

சில சொற்கள் இரண்டு பக்கமும் நிற்கும், ஆனால் பொருள் மாறும். "ஐ ரியலி கான்ட் ஸ்விம்" என்றால் சத்தியமாக நீந்தத் தெரியாது. "ஐ கான்ட் ரியலி ஸ்விம்" என்றால் அவ்வளவாகத் தெரியாது. "வீ சிம்ப்ளி கான்ட் இக்னோர் இட்" என்பது அறவே முடியாது என்கிறது. "வீ கான்ட் சிம்ப்ளி இக்னோர் இட்" என்பது கண்டும் காணாமல் விட்டுவிட முடியாது, ஏதாவது செய்தாக வேண்டும் என்கிறது. அலுவலக மெயிலில் இந்த வித்தியாசம் சின்ன விஷயமல்ல.

துணைவினைகள் இரண்டு மூன்று வரிசையாக வந்தால், முதலாவதை அடுத்து வைப்பதே பாதுகாப்பு: "ஷீ ஷுட் நெவர் ஹேவ் சைன்ட் இட்." "ஷுட் ஹேவ் நெவர்" என்பதையும் பேச்சில் கேட்கலாம், தேர்வில் வேண்டாம். ஆனால் எந்த அளவுக்கு, எப்படி என்று சொல்லும் சொல் முக்கிய வினையை விட்டு நகராது: "த வயர் குட் ஹேவ் பீன் பேட்லி டேமேஜ்ட்." இதை "குட் பேட்லி ஹேவ் பீன்" என்று மாற்றினால் வாக்கியம் நிற்காது.

கேள்வியில் எழுவாயைத் தாண்டித்தான் அட்வெர்ப்: "கேன் யூ ஆல்சோ செண்ட் த இன்வாய்ஸ்?" மேபி வாக்கியத்தின் தொடக்கத்தில் இருக்கட்டும்: "மேபி ஹீ வில் கம்." "ஹீ மே வில் கம்" என்பது ஆங்கிலமே அல்ல, ஒரு வினைக்கு இரண்டு மோடல் கிடையாது. ஹேவ் டு பார்வைக்கு மோடல் மாதிரி, நடத்தையில் அல்ல. ஆகவே "ஐ ஹேவ் ஆல்வேஸ் டு வெயிட்" வேண்டாம், "ஐ ஆல்வேஸ் ஹேவ் டு வெயிட்" என்று எழுதுங்கள்.

குறும்பதிலிலும் கவனம் வேண்டும். "வில் யூ கம்?" என்று கேட்டால் "ஐ வில் ப்ராபப்ளி" அல்ல, "ஐ ப்ராபப்ளி வில்." பின்னால் முக்கிய வினை இல்லாதபோது நடு இடம் என்று ஒன்று இல்லை, அட்வெர்ப் மோடலுக்கு முன்னால் வந்துவிடும்.