கசிந்தது அட்டை அல்ல, மூடி

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது என் பழைய காரின் வெப்பமுள் ஏறியது. எஞ்சின் ஆறிய பின் பார்த்தால், எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் மூடிக்கடியில், குளிர்விக்கும் திரவமான கூலண்ட் கசிந்திருந்தது. கசிவைத் தடுக்க மூடிக்கடியில் வைக்கும் கேஸ்கட் கிடைக்காததால், பழையதை அச்சாக வைத்துத் திருமணப் பத்திரிகை அட்டையில் ஒன்றை வெட்டிப் பொருத்தினேன், மறுநாளே கசிந்தது. அதன் பளபளப்புப் பூச்சுதான் காரணமென்று எண்ணி, புதுச் சட்டைக்குள் வைத்து வரும் பூச்சில்லாத அட்டைக்கு மாறி, போல்ட்டுகளையும் பலமாக இறுக்கினேன். கசிவு கூடியதே தவிரக் குறையவில்லை.

நான்காம் நாள்தான் மூடியின் மீது சந்தேகம் வந்தது. அதன் அடிப்பரப்பு முழுவதும் மார்க்கரால் கோடுகள் இழுத்து, தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்துத் தேய்த்தபோது, போல்ட் துளைகளைச் சுற்றி மட்டும் மை அழிந்தது. இரண்டு துளைகளுக்கும் நடுவே அப்படியே இருந்தது. அளவுக்கு மீறி இறுக்கியதில் அலுமினிய மூடியின் காதுகள், அதாவது போல்ட் துளையுள்ள ஓரங்கள், வளைந்து, நடுப்பகுதி மேலெழும்பியிருக்கிறது. அதாவது, நான் இறுக்க இறுக்க இடைவெளி வளர்ந்திருக்கிறது!

ஓட்டுநர் தேர்வில் போடுவதைப்போல எட்டு வடிவில், மை முழுவதும் அழியும்வரை ஏறக்குறைய அரைமணி நேரம் தேய்த்தேன். துகள்களைக் கழுவித் துடைத்து, அதே சட்டை அட்டையில் புதிதாக வெட்டி, இருபுறமும் கேஸ்கட் பசையை மெல்லியதாகத் தடவி, இரண்டு போல்ட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினேன். இரவெல்லாம் வண்டிக்கடியில் விரித்திருந்த செய்தித்தாள் காலையில் உலர்ந்தே கிடந்தது.