சைனஸ் தொல்லையா? மூக்கைச் சரியாகக் கழுவுங்கள்

குனிந்தால் நெற்றி கனக்கிறது, கன்னம் வலிக்கிறது, மூக்கு அடைக்கிறது. முக எலும்புகளுக்குள் உள்ள 4 ஜோடி காற்றறைகளின் வாசல் வீங்கி, சளி வடிய வழியின்றித் தேங்குவதுதான் சைனஸ் தொல்லை. பெரும்பாலும் இது சாதாரண ஜலதோஷ வைரஸின் வேலை. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்ல நிவாரணம் தரும். 240 மி.லி. நீருக்கு அயோடின் சேர்க்காத உப்பு அரைத் தேக்கரண்டி, சமையல் சோடா ஒரு சிட்டிகை. உப்பில்லாத வெறும் நீர் எரிச்சல் தரும். குழாய்நீரை அப்படியே பயன்படுத்தவே கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகை அமீபா மூக்கு வழியே மூளைக்குச் சென்று உயிரைப் பறித்ததுண்டு. மிக அரிதுதான், ஆனாலும் 1 நிமிடமாவது கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறவிட என்ன சிரமம்? கைகழுவும் தொட்டியின் மேல் குனிந்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டபடி மூக்குக் கழுவும் பாட்டிலால் மேல்பக்க நாசியில் ஊற்றினால், மறுபக்கம் வழிந்துவிடும். பிறகு மூக்கை மென்மையாகச் சிந்துங்கள். பாட்டிலை ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்த வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

அடைப்பை உடனே திறக்கும் மூக்குச் சொட்டு மருந்துகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. 3 நாளுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தே அடைப்பை வரவழைக்கும்.

10 நாளாகியும் குறையாவிட்டால், அல்லது குறைந்து மீண்டும் கூடினால் மருத்துவரைப் பாருங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.