புள்ளிகளால் ஒரு தமிழ் எழுத்துரு: முதல்முறை செய்பவர்களுக்கு

மும்பை லோக்கல் ரயில் நிலையத்தில் இன்டிகேட்டரை அண்ணாந்து பார்க்காதவர் யாரும் இல்லை. அடுத்த முறை வண்டி நேரத்தைப் பார்த்த கையோடு எழுத்துகளையும் கவனியுங்கள். தேவநாகரியின் தலைக்கோடு ஒரே வரிசை விளக்குகளில் சுகமாகப் படுத்துக்கொள்கிறது. தமிழுக்குத் தலைக்கோடும் இல்லை, வளைவுகளோ ஏராளம். ஆங்கிலத்துக்குப் போதுமான 5க்கு 7 கட்டத்தில் 'ண'வை அடைத்தால் அது வெறும் புள்ளிக் குவியல்தான்.

தாராவியிலோ மாட்டுங்காவிலோ பொங்கல் விழாவுக்குப் பேனர் அடிப்பவர்கள், சீரியல் பல்பு போட்டது போன்ற தலைப்பைத் தேடி அலைய வேண்டாம். நாமே செய்துகொள்ளலாம். ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருளும் ஒரு கட்டம் போட்ட நோட்டும் போதும்.

1. கட்டம்

நோட்டில் 16 வரிசை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் 9 எழுத்தின் உடலுக்கு, மேலே 3 விசிறிக்கும் (கி, கீயில் மேலே வரும் வளைவு) மெய்ப்புள்ளிக்கும், கீழே 4 உகர ஊகார வால்களுக்கு. அகலத்துக்கு வரம்பு வேண்டாம். 'ட' குறுகலாகவும் 'ஞ' அகலமாகவும் இருப்பதே அழகு. ட, ப, ம மூன்றிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் நேர்கோடு, கை பழகும். இ, ழ, ண பிறகு.

2. ஒரே ஒரு புள்ளி

எழுத்துருவின் உயரத்தை 1000 அலகாக வையுங்கள்: அடிக்கோட்டுக்கு மேலே 760, கீழே 240. ஒரு புள்ளியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 60 அலகு, விட்டம் 48. தனி இடத்தில் ஒரு வட்டம் மட்டும் வரையுங்கள். எழுத்துகளில் அதை நகலெடுத்து ஒட்டாமல், 'காப்பி ரெஃபரன்ஸ்' மூலம் சேருங்கள். நாளைக்கு வட்டத்தைச் சதுரமாக்கினால் எழுத்துரு முழுவதும் தானாகவே மாறிவிடும். நகர்த்தும்போது மவுஸால் இழுக்காமல் 60, 120 என்று எண்ணைக் கொடுங்கள்.

3. எவற்றை வரைவது

247 எழுத்தையும் வரைய வேண்டியதில்லை. உயிர் 12, ஆய்தம், அகரமேறிய மெய் 18. துணைக்காலும் மூன்று கொம்புகளும் தனி உருவங்கள். ஔகாரக் குறிக்கு 'ள'வின் நகல் போதும். உழைப்பு கேட்பவை இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள். அங்கே 72 உருவங்கள். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றிராவிட்டால் ணை, லை, றா போன்றவற்றுக்கும் தனி உருவம் வரைந்துகொண்டிருப்போம்.

4. மெய்ப்புள்ளி

இந்த வேலையின் உயிர்நிலை இங்கேதான். எழுத்தே புள்ளிகளால் ஆனதாக இருக்கும்போது 'க்'கின் தலைப்புள்ளி எப்படித் தனித்துத் தெரியும்? ஓலைச்சுவடிகளில் பல இடங்களில் அதை எழுதாமலே விட்டார்கள். படிப்பவர் இடமறிந்து படித்துக்கொண்டார். பேனர் படிப்பவரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. உடலுக்கு மேலே ஒரு வரிசையை வெறுமையாக விடுங்கள். அதற்கு மேலுள்ள இரு வரிசைகளின் நடுவில், 84 அலகு விட்டத்தில் பெரிய புள்ளி ஒன்றை வையுங்கள். சிலர் உள்ளே வெற்றான வளையமாகப் போடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை, தூரத்திலிருந்து விசிறியின் சுழிபோல் தெரிகிறது. ஆய்தத்தின் மூன்று புள்ளிகளுக்கும் இதே பெரிய புள்ளிதான்.

5. சேர்க்கை விதிகள்

'க'வுக்குப் பின் உகரக் குறி வந்தால் 'கு' உருவத்தைப் போடு என்பதுபோல் ஒவ்வொன்றுக்கும் விதி எழுத வேண்டும். மெய்ப்புள்ளி வரிசைக்கும் இப்படியே. இந்த விதிகள் இருக்கும் ஓபன்டைப் அட்டவணையில் தமிழைக் குறிக்கும் எழுத்துமுறைக் குறியாக டிஎம்எல்2 (tml2), அம்சமாக பிஎஸ்டிஎஸ் (psts) என்று கொடுங்கள். அலுப்பான வேலைதான், ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். 'கொ'வில் கொம்பு முன்னால் போவதற்கு விதி தேவையில்லை, கணினியே பார்த்துக்கொள்ளும்.

பிறகு டிடிஎஃப் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். அதில் ரெஃபரன்ஸ்கள் அப்படியே நிற்பதால் கோப்பு பருக்காது.

6. சோதனை

72 பாயின்டில் புள்ளி நடுவுக்குப் புள்ளி நடு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வரும். அதற்கும் கீழே இந்த எழுத்துருவைப் பயன்படுத்தாதீர்கள். 'பொங்கல்', 'கொழுக்கட்டை', 'வரா', 'அண்ணன்' ஆகியவற்றைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, தெருவின் எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்கள். 'ண'வும் 'ன'வும் குழம்பினால் 'ண'வை இரண்டு நெடுவரிசை அகலமாக்குங்கள். 'ர'வும் துணைக்காலும் ஒன்றாகத் தெரிந்தால் 'ர'வின் காலடியில் இடப்பக்கம் சாய்வாக மூன்று புள்ளிகள் சேருங்கள்.