சிசிஎம்எக்ஸெக் மேல் கை வைப்பதற்கு முன்

சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து ஆபீஸ் திறக்கும் முதல் நாள், பினாங்கு பாயான் லெப்பாஸ் பக்கம் ஐடி வேலை பார்ப்பவர்களுக்குத் தே தாரிக் ஆறிப்போகும். ஒரு வாரம் மூடிக் கிடந்த லேப்டாப்கள் எல்லாம் ஒன்றாக விழித்து, தேங்கிய அப்டேட்டுகளை இழுக்க ஆரம்பிக்கும். "அண்ணே, லேப்டாப் நகரவே மாட்டேங்குது" என்று போன் வரும். டாஸ்க் மேனேஜரில் சிசிஎம்எக்ஸெக் (CcmExec), அதாவது ஆபீஸ் கணினிகளுக்கு அப்டேட் கொண்டுவரும் பின்னணி நிரல், மேலே நிற்கும். உடனே அதை நிறுத்திவிடுவார்கள். பாதி வேலையில் நிறுத்தினால், திரும்ப எழுந்ததும் விட்ட வேலையைத்தான் மறுபடி தொடங்கும். அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

இது, ஆபீஸ் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் கான்ஃபிகரேஷன் மேனேஜரின் ஏஜென்ட், அதாவது ஒவ்வொரு கணினியிலும் இருந்து அதற்காக வேலை செய்யும் நிரல். சர்வீசஸ் பட்டியலில் இதன் பெயர் 'எஸ்எம்எஸ் ஏஜென்ட் ஹோஸ்ட்'. 1994இல் வந்த 'சிஸ்டம்ஸ் மேனேஜ்மென்ட் சர்வர்' என்ற பழைய பெயரின் மிச்சம் அது. கைப்பேசி எஸ்எம்எஸ்ஸுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நான் முன்பு இருந்த ஓர் இடத்தில், புதிதாக வந்த பையன் ஏதோ குப்பை மென்பொருள் என்று நினைத்து இதை டிசேபிள் செய்துவிட்டான். அடுத்த ஆடிட் வரை அந்தக் கணினிக்கு ஒரு பாதுகாப்பு அப்டேட்கூடப் போகவில்லை.

அடுத்த தவறு அவசரப்படுவது. இந்த சர்வீஸ் தாமதமாகத் தொடங்கும் வகை. கணினியைப் போட்டவுடன் பார்த்துவிட்டு "ஓடவில்லை" என்று முடிவு கட்டக் கூடாது. ஓடத் தொடங்கிய பிறகும், சர்வரிடம் புதிய பாலிசி (என்ன செய்ய வேண்டும் என்ற உத்தரவுகள்) கேட்பது வழக்கமான அமைப்பில் 60 நிமிடத்துக்கு ஒருமுறைதான். காத்திருக்க முடியாதா? சரி, கண்ட்ரோல் பேனலில் கான்ஃபிகரேஷன் மேனேஜரைத் திறந்து, ஆக்‌ஷன்ஸ் பக்கத்தில் 'மெஷின் பாலிசி' வரியை ஓட்டுங்கள். இதற்குப் போய் ஏஜென்ட்டைக் கழற்றி மாட்ட வேண்டியதில்லை.

நான் அதிகம் பயப்படுவது டபிள்யூஎம்ஐ விஷயத்துக்குத்தான். கணினியின் விவரங்களை மென்பொருள்களுக்குக் கொடுக்கும் விண்டோஸ் அமைப்பு அது, அதன் தரவுக் கிடங்குதான் ரெபாசிட்டரி. எந்தக் கோளாறு என்றாலும் "ரெபாசிட்டரியை ரீசெட் பண்ணு" என்று ஒருவர் சொல்வார், இன்னொருவர் அந்த ஃபோல்டரையே அழித்துவிடுவார். ஏஜென்ட்டின் பாலிசி, அமைப்புகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அதே இடத்தை வேறு மென்பொருள்களும் நம்பி இருக்கின்றன. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. முதலில் அட்மின் கமாண்ட் விண்டோவில் 'வின்எம்ஜிஎம்டி' கட்டளையை 'வெரிஃபைரெபாசிட்டரி' என்ற சுவிட்சுடன் கொடுங்கள். சீராக இருப்பதாகப் பதில் வந்தால் அதைத் தொடவே வேண்டாம், கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

எங்கே என்பதை லாக் (ஏஜென்ட் எழுதி வைக்கும் நடவடிக்கைப் பதிவு) சொல்லும். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிசிஎம், அதற்குள் லாக்ஸ். கோப்புகளின் கூட்டத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் 'லொகேஷன்சர்வீசஸ்', பாலிசி வரவில்லை என்றால் 'பாலிசிஏஜென்ட்', அப்ளிகேஷன் இன்ஸ்டால் தோற்றால் 'ஆப்என்ஃபோர்ஸ்'. நோட்பேடில் திறந்தால் கண் வலிக்கும், லாக் படிப்பதற்கென்றே உள்ள சிஎம்டிரேஸ் கருவியில் திறந்து பாருங்கள். நோட்பேடில்தான் பார்ப்பேன் என்றால், ஒவ்வொரு நேரத்துக்குப் பின்னாலும் -480 என்று ஓர் எண் வரும். அதைப் பிழை எண் என்று நினைத்து ஒரு காலை முழுக்கத் தேடிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. மலேசிய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது, அதாவது 480 நிமிடம், அவ்வளவுதான். அங்கே வேறு எண் இருந்தால் கணினியின் நேர மண்டலத்தைப் பாருங்கள்.

வீட்டிலிருந்து விபிஎன் வழியாக வருபவர்களின் கதை தனி. அவர்களின் ஐபி முகவரி எந்த பவுண்டரி குரூப்பிலும் (எந்த முகவரிக்கு எந்த சர்வர் என்று சொல்லும் பட்டியல்) சேர்க்கப்படாமல் இருந்தால், கோப்பை எங்கிருந்து எடுப்பது என்று ஏஜென்ட்டுக்குத் தெரியாமல் போகலாம். கணினி நன்றாகவே இருக்கும், சரி செய்ய வேண்டியது சர்வர் பக்கம்.

இடம் போதவில்லை என்று, ஏஜென்ட் இறக்கிய கோப்புகள் இருக்கும் சிசிஎம்கேஷ் ஃபோல்டரைக் கையால் அழிப்பதும் வேண்டாம். கோப்பு போய்விடும், ஆனால் அது இருப்பதாகவே ஏஜென்ட் கணக்கு வைத்திருக்கும். அதே கண்ட்ரோல் பேனலில் கேஷ் பக்கத்திலிருந்து அழித்தால் கணக்கும் சேர்ந்து போகும்.

இத்தனைக்கும் பிறகு ஏஜென்ட்டை மறுபடி நிறுவியே ஆக வேண்டும் என்றால் நிறுவுங்கள். ஆனால் அதை நிறுவும் சிசிஎம்செட்டப் நிரல், விண்டோ எதையும் காட்டாமல் பின்னால் ஓடும். ஒன்றும் நடக்கவில்லை என்று இரண்டாம் முறை தட்டாதீர்கள். அதன் லாக்கில் கடைசி வரியில் வரும் முடிவு எண் 0 என்றால் முடிந்தது. 7 என்றால் தோல்வி இல்லை, ரீஸ்டார்ட் கேட்கிறது.