தட்டில் ஒதுங்கும் வெஞ்சனம்: பல் போன பெரியவர்களுக்குச் சாப்பாடு குறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி

என் அப்பா சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். அம்மா போன பிறகு மதுரை செல்லூரில் எங்களோடு வந்து இருக்கிறார். வந்த புதிதிலேயே அவர் தட்டு எனக்கு உறுத்தியது. வெஞ்சனம், அதாவது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் காய், கறி எல்லாம் ஒதுங்கிக் கிடக்கும். சாம்பாரில் போட்ட முருங்கைக்காய் அப்படியே ஓரத்தில் கிடக்கும். அவரைக்காய்ப் பொரியல் ஒரு வாய், அதோடு சரி. கறி எடுத்த அன்றைக்குக் குழம்பை மட்டும் ஊற்றிப் பிசைந்துவிட்டு, துண்டுகளைப் பேரன் தட்டில் வைத்துவிடுவார். "ஏம்ப்பா சாப்பிடலை?" என்று கேட்டால், "வயிறு மந்தமா இருக்குத்தா" என்பார். நானும் வயிற்றுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். எட்டு மாதத்தில் 58 கிலோவிலிருந்து 51-க்கு இறங்கிவிட்டார். சுகர் மட்டும் ஏறியிருந்தது. பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி எண்ணியபோது இருந்தது மொத்தம் ஒன்பது பல். மேல் வரிசையில் கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லை.

அதனால் உங்கள் வீட்டுப் பெரியவருக்கு முதலில் செய்ய வேண்டியது, ஒரு வாரம் தட்டைப் பார்ப்பது. வலிக்கிறது என்று அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். பல் ஒவ்வொன்றாகப் போகும்போது சாப்பாடும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும், அது அவர்களுக்கே தெரியாது. எது ஓரத்துக்குப் போகிறது, எதை டீயில் நனைக்கிறார், எந்தப் பக்கமாகவே மெல்லுகிறார், சாப்பிட முன்பைவிட எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள். ஒரு தேங்காய்ச் சில்லைக் கொடுத்துப் பாருங்கள். மென்று விழுங்குகிறாரா, சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்புகிறாரா என்பதில் பாதி விவரம் தெரிந்துவிடும். எடை குறைய வேறு காரணமும் இருக்கலாம், அதற்கும் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் வாயையும் சேர்த்துக் காட்டுங்கள்.

மெல்ல முடியாதவர் பட்டினி கிடப்பதில்லை. இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், டீயில் நனைத்த பன் என்று மெத்தென்று இருப்பதற்கு மாறிவிடுகிறார். வயிறு நிறைந்துவிடும். ஆனால் கீரை, காய், பழம், பயறு, கறி எல்லாம் போய், மாவுச்சத்து மட்டும் மிஞ்சும். நார் இல்லாததால் மலச்சிக்கல் வரும், புரதம் குறைந்து கை கால் மெலியும். அந்த மெத்தென்ற பன்னும் சீனி போட்ட டீயும் மிச்சமிருக்கிற பல்லில் ஒட்டிக்கொண்டு அதையும் சொத்தையாக்கும். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டால் சுகரைக் கட்டுப்படுத்துவதும் சிரமம். ஜப்பானில் 1989-லிருந்து '80 வயதில் 20 பல்' என்று ஒரு இயக்கமே நடத்துகிறார்கள். இருபது பல் இருந்தால் அநேகமாக எல்லாச் சாப்பாட்டையும் மென்று சாப்பிடலாம் என்பதுதான் அந்தக் கணக்கு.

சரி, சமையலறைக்கு வருவோம். நான் பிடித்துக்கொண்ட ஒரே விதி, எந்தப் பொருளையும் விடக் கூடாது, அதன் உருவத்தை மட்டும் மாற்ற வேண்டும் என்பது.

இதில் ஆரம்பத்தில் நான் தப்புச் செய்தேன். சோறு, கீரை, கேரட், பருப்பு எல்லாவற்றையும் ஒன்றாக மிக்சியில் அடித்துக் கிண்ணத்தில் கொடுத்தேன். அப்பா இரண்டு கரண்டி சாப்பிட்டார். அப்புறம் கிண்ணத்தின் மேல் தட்டைக் கவிழ்த்து மூடிவிட்டு எழுந்து போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுபது வயது வரைக்கும் சோறு வேறு, வெஞ்சனம் வேறு என்று சாப்பிட்ட மனிதருக்குப் பச்சைப்பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி ஒரே கூழாகக் கொடுத்தது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று அன்றைக்கு ராத்திரிதான் எனக்கு உறைத்தது. அதன் பிறகு எதையும் ஒன்றாக அரைப்பதில்லை. கீரை கீரையாக, பருப்பு பருப்பாகத் தட்டில் தனித்தனியே இருக்கும்.

கீரையைப் பொடியாக நறுக்கி, பாசிப்பருப்போடு குழைய வேகவைத்து மத்தால் கடையுங்கள். மிக்சியில் போட்டால் பசையாகிவிடும், மத்தில் கடைந்தால் இலை கொஞ்சம் நாக்கில் தட்டுப்படும். முருங்கைக்கீரையில் ஒரு காம்புகூட இல்லாமல் ஆய வேண்டும், ஏனென்றால் அந்தச் சின்னக் காம்புதான் ஈறில் குத்தும். முருங்கைக்காயை வேகவைத்து, நீளவாக்கில் பிளந்து, கரண்டியால் சதையை வழித்துச் சாம்பாரில் சேர்த்துவிடுங்கள். முள்முருங்கை இலையை அரிசியோடு நைசாக அரைத்துக் கல்லில் மெத்தென்று அடை சுடலாம்.

தட்டைப்பயறு, கொண்டைக்கடலை எல்லாம் ராத்திரியே ஊறவைத்து, குக்கரில் வழக்கத்தைவிட இரண்டு மூன்று விசில் கூடுதலாக விடுங்கள். விரலால் நசுக்கினால் தோலோடு நசுங்க வேண்டும். கறி எடுத்தால் கொத்துக்கறியாக வாங்கி அரைத்து, உருண்டை பிடித்துக் குழம்பிலேயே வேகவிடலாம். பொரித்த கோலா உருண்டையின் மேல்தோல் அவர்களுக்குக் கடினம். மீனில் நம் பக்கத்து அயிரைக் குழம்புக்கு ஈடில்லை. பொடி மீன், முள்ளும் வெந்துவிடும், சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். வெளியே சாப்பிட நேர்ந்தால் பரோட்டாக் கடையில் ஒரு கலக்கி வாங்கிக் கொடுங்கள், மெல்லவே வேண்டாம், முட்டை உள்ளே போய்விடும்.

பழத்துக்கு ஜூஸ் பதிலாகாது. நார் போய்விடும், சீனித்தண்ணீர்தான் மிஞ்சும். பப்பாளி, சப்போட்டா, வாழைப்பழம் அப்படியே சாப்பிடலாம். கொய்யா நன்றாகப் பழுத்ததாக வாங்கி, நடுவில் இருக்கும் விதைப் பகுதியை எடுத்துவிட்டுச் சதையைக் கரண்டியால் சுரண்டிக் கொடுங்கள். ஆரஞ்சைவிடக் கொய்யாவில் வைட்டமின் சி அதிகம், ஈறுக்கு அது வேண்டும். நெல்லிக்காயைத் துருவித் தயிரில் போட்டால் பச்சடி. இதையெல்லாம் நான் அண்ணாநகர் உழவர் சந்தையில் காலையிலேயே வாங்கிவிடுவேன். 1999-ல் தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தையாகத் திறந்தது இதுதான். பெரியவர்களைக் கூடவே கூட்டிப்போங்கள். தானே கையால் அமுக்கிப் பார்த்து வாங்கிய பழத்தை அப்பா வேண்டாம் என்று சொன்னதே இல்லை.

அடுத்தது டீ. அப்பா ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிப்பார், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி. ஒரு ஸ்பூன் நாலு கிராம் என்றால் 40 கிராம் ஆகிறது. சீனியிலிருந்து வரும் சக்தி மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதி என்றால் சுமார் 25 கிராம். அளவைப் போலவே எத்தனை தடவை என்பதும் முக்கியம். ஒவ்வொரு தடவை இனிப்பு உள்ளே போகும்போதும் வாய்க்கிருமிகள் அதை அமிலமாக்கும். எச்சில் அதைச் சரிசெய்ய சுமார் அரை மணி நேரம் ஆகும். ஐந்து டீயை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தால் பல்லுக்கு ஓய்வே கிடைக்காது. கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் எதுவானாலும் பல்லுக்கு இதே கதைதான். பருத்திப்பாலோ ஜிகர்தண்டாவோ ஆசைப்பட்டால் சாப்பாட்டை ஒட்டி ஒரு தடவை குடித்துவிட்டு வாய் கொப்பளிக்கட்டும். இப்போது அப்பாவுக்கு இரண்டு டீ, சீனி இல்லாமல். அதற்கு மூன்று மாதம் பிடித்தது. வாரம் கால் ஸ்பூனாகக் குறைத்தேன்.

வெற்றிலையைப் பற்றிப் பேச எனக்குக் கஷ்டம். அந்தக் கொடிக்கால்தான் எங்களை வளர்த்தது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கூடப் போகிற பாக்கும் புகையிலையும்தான் வாயைக் கெடுப்பது. புகையிலை மட்டும்தான் கெடுதல் என்று நினைக்காதீர்கள். பாக்கும் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே சொல்லிவிட்டது. பாக்குப் போடுகிறவர் திடீரென்று "காரம் சுள்ளென்று எரிகிறது" என்று சட்னியை ஒதுக்கினால் அசட்டையாக இருக்காதீர்கள். மூன்று விரலை மேலும் கீழுமாக அடுக்கி வாய்க்குள் நுழைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றாலோ, வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ இருந்தாலோ, வலி இல்லாவிட்டாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

இருக்கிற பல்லைக் காப்பாற்ற ஃப்ளோரைடு கலந்த பேஸ்ட், மென்மையான பிரஷ், காலையும் படுக்கும் முன்பும் இரண்டு நிமிடம். ஈறில் ரத்தம் வருகிறது என்று தேய்ப்பதை நிறுத்தாதீர்கள், அழுக்கு சேர்ந்து இன்னும் வீங்கும். சாம்பல், செங்கல் பொடி வேண்டாம்.

பல் செட் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். முதலில் கட்டிய இடத்தில் அளவு சரியில்லை, ஈறில் புண். "போகப் போகப் பழகிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா அதைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டார். புண் வந்தால் திரும்பப் போய்ச் சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள், நீங்களாக ராவிவிடாதீர்கள். வேறு இடத்தில் கட்டிய செட் பொருந்தியது. ஆனால் செட் பொருந்திய பிறகும் அப்பா இட்லியும் ரசமுமாகத்தான் இருந்தார். பழகிப்போன நாக்கு தானாகத் திரும்பாது. சாப்பாட்டை நாம்தான் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

முதல் வாரம் மெத்தென்றதே கொடுங்கள், ஆனால் இரண்டு பக்கமும் பிரித்து வைத்து மெல்லச் சொல்லுங்கள். ஒரே பக்கம் மென்றால் செட் தூக்கிக்கொள்ளும். அடுத்து நன்றாக வெந்த பீன்ஸ், கேரட். அப்புறம் சப்பாத்தி, தோல் சீவி மெல்லியதாக நறுக்கிய வெள்ளரி. முன்பல்லால் கடிக்க விடாதீர்கள், நறுக்கிக் கொடுங்கள். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும். கழுவும்போது கீழே ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும், தவறி விழுந்தாலும் உடையாது.

அப்பா இப்போது 55 கிலோ. அவிச்ச கடலையைச் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தோலுரித்து, இரண்டு பக்கமும் மென்று சாப்பிடுகிறார். வறுத்த கடலையை இன்னும் கொடுக்கவில்லை. தை மாதத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.